நாணுதற்கும் கடன்சொல்லா?

தேர்வுக் கூடத்தில் மாணவன் ஒருவன் அகப்பட்டுக்கொள்கிறான். சட்டையின் கைம்மடிப்பில் ஒளித்து வைத்திருந்த துண்டுத்தாள் ஆசிரியர் கைக்கு வந்துவிட்டது. மாணவன் எழுந்து நிற்கிறான். தலை தாழ்கிறது, விழி நிலத்தை நோக்குகிறது, காற்பெருவிரல் தரையைக் கீறுகிறது, கைவிரல்கள் ஒன்றையொன்று பிசைகின்றன, எச்சிலை ஒருமுறை விழுங்கிக்கொள்கிறான். குற்றஞ்செய்து அகப்பட்ட அவன் பாட்டன் எப்படி நின்றிருப்பானோ, அப்படியே அவனும் நிற்கிறான். பிறகு வாயைத் திறக்கிறான்: "ரொம்பக் கில்ட்டியா இருக்கு சார்."

முகம் தமிழில் பேசுகிறது. நாக்கு ஆங்கிலத்தில் பேசுகிறது.

இஃது அந்த ஒரு மாணவன் குறையன்று. அலுவலகத்தில் கணக்குத் தவறியவர்க்கு 'எம்பாரசிங்கா' இருக்கிறது. திருமண வீட்டில் பெயர் மறந்து விழித்தவர்க்கு 'ஆக்வேடா' இருக்கிறது. மேடையில் ஒருவர் உளறினால், கேட்டிருந்த இளைஞர்க்குக் 'கிரிஞ்சா' இருக்கிறது. அவையில் மூக்குடைபட்டவனைப் 'பல்பு வாங்கினான்' என்று கைகொட்டி நகைக்கிறார்கள். தொலைக்காட்சித் தொடர்களில் கணவன் மனைவியிடம் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் இடம் வந்தால், அங்கே தமிழ் விடைபெற்றுக்கொண்டு ஆங்கிலம் வந்து அமர்கிறது.

தொடர்வண்டி அயல்நாட்டிலிருந்து வந்தது; அதனோடு அதன் பெயரும் வந்தது. மின்விளக்கு வந்தது, பெயரும் உடன் வந்தது. பொருளோடு சொல்லும் வந்தது என்று அமைதி கூறுவோர் கூறட்டும். நாணம் எந்தக் கப்பலில் வந்து இறங்கியது? ஆங்கிலேயன் வந்து கற்பிக்குமுன் தமிழன் நாணியதே இல்லையா? அரிசியைக் கடன் வாங்கலாம். பசியையும் கடன் வாங்குவார் உண்டா?

பெட்டியைத் திறந்து பார்த்தால்...

இதற்குப் படித்தவர் சிலர் ஒரு மறுமொழி வைத்திருக்கிறார்கள். "ஆங்கிலத்தில் ஒவ்வொரு முகத்திற்கும் ஒவ்வொரு சொல் உண்டு. குற்றவாளி முகம் கில்ட்டி. அசட்டு முகம் சீப்பிசு. அடிபட்ட முகம் ஏங்டாகு. நாணிய முகம் சேம்பேசுடு. திகைத்த முகம் அபாசுடு. இடருற்ற முகம் எம்பாரசுடு. நொந்த முகம் மார்ட்டிபைடு. கழிவிரக்க முகம் கன்ட்ரைட்டு. தமிழில் எல்லாவற்றிற்கும் 'வெட்கம்' என்று ஒரே சொல்தானே இருக்கிறது?" என்பது அவர்கள் வினா.

இவ் வினாவைக் கண்டு சினத்தல் வேண்டா. ஆங்கிலப் பெட்டியையும் திறந்து பார்த்து, தமிழ்ப் பெட்டியையும் திறந்து பார்த்தால் போதும். இரண்டையும் பாராமலே ஒன்று நிறைந்தது என்றும் மற்றொன்று வெறுமை என்றும் தீர்ப்புக் கூறுவதே இழிவு.

சீப்பிசு என்பது என்ன? ஆடு என்னும் பொருள்கொண்ட சொல்லோடு 'போன்ற' என்னும் பொருளுடைய ஈறு சேர்ந்தது. ஆடு போன்ற முகம், அவ்வளவே. தொடக்கத்தில் ஆட்டின் தன்மை என்று மட்டுமே பொருள்பட்ட இச்சொல், 17ஆம் நூற்றாண்டளவில் கூச்சத்தைக் குறிக்கலாயிற்று. ஏங்டாகு என்பதில் தூக்கிலிடுதலும் நாயும் உள்ளன. நாயைத் தூக்கிலிடுதற்கே ஏற்ற கீழ்மகன், அல்லது நாயைப்போல் தூக்கிலிடத் தக்கவன் என்று 17ஆம் நூற்றாண்டில் வசைச்சொல்லாகப் பிறந்து, பின்னர்க் குற்றமுற்றுத் தொங்கிய முகத்திற்குப் பெயராயிற்று.

சேம்பேசுடு என்பதன் கதை இன்னும் சுவையானது. அச்சொல்லில் முகமே இல்லை! பழைய ஆங்கிலத்தில் அது சேம்பாசுட்டு. 'பாசுட்டு' என்றால் உறுதியாகக் கட்டப்பட்டது. நாணத்தால் கட்டுண்டவன் என்பதே அதன் பொருள். அக் கட்டினை மறந்த பிற்கால ஆங்கிலேயர், 16ஆம் நூற்றாண்டில், அதனை 'முகம்' என்னும் சொல்லாகத் தவறாக எண்ணி உருமாற்றிவிட்டனர். தன் சொல்லின் வேரைத் தானே மறந்ததால் நேர்ந்த பிழை இன்று அம்மொழியின் அகரமுதலியில் அணியாக நிற்கிறது.

கில்ட்டு என்பது பழைய ஆங்கிலச் சொல்லே. அதன் வேர் இன்னதென்று சொல்நூலார் உறுதி கூறுவதில்லை. அது முதலில் குற்றத்தையே குறித்தது. குற்றஞ்செய்தவன் உள்ளத்தில் எழும் உணர்வைக் குறித்தது பின்னைய வளர்ச்சி. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதனிடம் மீண்டும் வரவேண்டியிருக்கும்.

இவை போக, மற்றவை யாருடைய சொற்கள்? அபாசு பிரெஞ்சுக்காரன் தந்தது. வாய்பிளத்தல் என்பது அதன் அடிப்பொருள். எம்பாரசு பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் வந்தது. குறுக்கே தடை போடுதல் என்பதே அதன் பொருள். நாணச்செய்தல் என்னும் பொருளை அது நிலையாகப் பெற்றது 19ஆம் நூற்றாண்டில். அதன் இசுப்பானிய உறவுச்சொல்லோ இன்று சூலுற்றவளைக் குறிக்கிறது! மார்ட்டிபை இலத்தீனத்திலிருந்து வந்தது. சாகச்செய்தல் என்று பொருள். கன்ட்ரைட்டும் இலத்தீனமே, அரைத்து நொறுக்கப்பட்டது என்று பொருள். ரிமார்சும் இலத்தீனமே, திரும்பக் கடித்தல் என்று பொருள். இயூமிலியேட்டு என்பதன் அடியில் இருப்பது மண்ணைக் குறிக்கும் இலத்தீனச் சொல்.

ஆக, ஆங்கிலத்தின் பெட்டியில் அதற்கே உரியவை ஓர் ஆடு, ஒரு நாய், வேர் விளங்காத ஒரு குற்றம், உருத்திரிந்த ஒரு நாணம். எஞ்சியவற்றுட் பெரும்பாலன கடன். இதனைக் கூறுவது ஆங்கிலத்தை இழித்தற்கன்று. அம்மொழி அம்மக்களுக்கு உயிர். அவர்கள் அதில் நாணுகிறார்கள், அதில் அழுகிறார்கள். கடன்பட்டவனிடம் போய்க் கடன் கேட்கும் தமிழன் மடமையைக் காட்டுதற்கே இவ்வளவும் கூற நேர்ந்தது.

ஆங்கிலேயன் இழந்த சொல்

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரண்மனையும் அறமன்றமும் பிரெஞ்சு பேசின. கோயில் இலத்தீனம் பேசியது. உழவனும் கொல்லனும் ஆங்கிலம் பேசினர். ஆண்டவனிடம் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் இடத்தும் அரசனிடம் குற்றத்திற்கு ஒறுப்புப் பெறும் இடத்தும் அயன்மொழியே ஆட்சிசெய்தது. குற்றமும் கழிவிரக்கமும் பற்றிய ஆங்கிலச் சொற்களுள் இத்துணை இலத்தீனமும் பிரெஞ்சும் நிறைந்ததற்குக் கரணியம் வேறு எதுவாக இருக்கக்கூடும்?

இந்நிலையில் காண்டர்பரியில் இருந்த மைக்கேல் என்னும் துறவி ஒருவர், 1340இல், பிரெஞ்சு அறநூல் ஒன்றைத் தம் வட்டாரத்து எளிய மக்களுக்காக அவர்கள் பேச்சிலேயே மொழிபெயர்த்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'அயன்பைட்டு ஆவ் இன்விட்டு' என்பது. இலத்தீனத்து ரிமார்சு என்பதற்கு 'மறுகடி' என்று பொருள்படும் அயன்பைட்டும், மனச்சான்று என்பதற்கு 'உள்ளறிவு' என்று பொருள்படும் இன்விட்டும் அவர் கையாண்ட சொற்கள். உள்ளறிவு திரும்பக் கடிக்கிறது! எழுத்தறியாத கிழவியும் கேட்ட அளவிலே உணரத்தக்க சொல். அச்சொல் வாழவில்லை, ரிமார்சு வாழ்ந்தது. செருமானியர் தம் மொழியில் மனச்சான்றின் கடி என்று பொருள்படும் சொல்லை இன்றும் வழங்குகின்றனர். ஆங்கிலேயர்க்கோ அது நூற்பெயராய், புலவர் மட்டுமே அறிந்த பழம்பொருளாய் முடிந்தது.

1922இல் அயர்லாந்துக்காரரான சேம்சு சாய்சு தம் 'யுலிசிசு' என்னும் புதினத்தில், சாகக்கிடந்த தாய் வேண்டியும் மண்டியிட்டுத் தொழ மறுத்த மகன் ஒருவனது நெஞ்சின் வேதலைக் காட்ட வேண்டியிருந்தது. கடன்சொற்கள் எத்தனையோ கைக்கெட்டும் தொலைவில் இருக்க, அவர் தேடி எடுத்தது 1340இன் அந்த இறந்த சொல்லைத்தான். நெஞ்சு உண்மையாகவே கடிக்கும்போது, கடிக்கும் சொல்தான் வேண்டியிருக்கிறது.

கடன்சொற் பெருக்கைக் கண்டு ஆங்கிலேயரே நொந்ததும் உண்டு. சான் சீக்கு என்னும் பேரறிஞர், 1557இல் எழுதிய மடலொன்றில், ஆங்கிலம் பிறமொழிக் கலப்பின்றித் தூய்தாக எழுதப்படல் வேண்டும் என்றும், வாங்கிக்கொண்டே இருந்து திருப்பிக் கொடாத மொழி ஒருநாள் கடனில் மூழ்கிய வீடாகிவிடும் என்றும் எச்சரித்தார். 19ஆம் நூற்றாண்டில் தார்செட்டு நாட்டு வில்லியம் பார்ன்சு என்னும் பாவலர், இலக்கணத்திற்குப் 'பேச்சுக்கலை' என்று பொருள்படும் தூய ஆங்கிலப் பெயரிட்டு 1878இல் நூலே எழுதினார். தூய்மை விரும்பும் தமிழனைப் பித்தன் என்பார், இவ் ஆங்கிலேயர்களை என்ன சொல்லி அழைப்பார்?

முகத்தைக் கற்ற அறிஞர்

முகக்குறிப்பை அறிவியல் முறையில் ஆய்ந்தவருள் தலையாயவர் சார்லசு டார்வின். மாந்தரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் முறைபற்றி அவர் எழுதிய நூல் 1872இல் வெளிவந்தது. அதற்கு முன்னர் உலகின் பல பகுதிகளில் இருந்தவர்களுக்கு அவர் வினாத்தாள் விடுத்தார். குற்றமுள்ள முகத்தை அடையாளங் காண முடிகிறதா என்பதும் அவ்வினாக்களுள் ஒன்று. அத்தகைய முகத்தை எப்படி வரையறுப்பது என்று தமக்கே தெரியவில்லை என்றும் அவ்விடத்தே ஒளிக்காமல் எழுதினார். கில்ட்டி என்னும் சொல் கையில் இருந்தும், அது சுட்டும் முகம் எது என்று அவரால் கூற முடியவில்லை! சொல் இருப்பது வேறு. அச்சொல்லினுள் முகம் இருப்பது வேறு.

அந்நூலின் இறுதியை ஒட்டிய இயலில், முகம் சிவத்தலே மாந்தனுக்கு மிகவும் தனித்த மெய்ப்பாடு என்று அவர் நிறுவினார். குற்றம் செய்தோம் என்னும் உணர்வன்று, பிறர் தம்மைக் குற்றவாளியாக எண்ணுகிறார்கள் என்னும் எண்ணமே முகத்தைச் சிவக்கச்செய்கிறது என்றும் கூறினார். நுட்பமான கருத்து. ஆயினும் இவ்விடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒரு பள்ளத்தில் விழுந்துவிட்டனர்.

ஆங்கிலப் புதினத்தில் ஒருத்தி நாணினாள் என்பதற்கு அவள் முகம் சிவந்தது என்று எழுதுவர். வெளிறிய தோலில் குருதி ஏறினால் சிவப்புத் தெரியும். ஆதலின் அவர்கட்கு அது பொருந்தும். அதனைத் தமிழில் பெயர்ப்போர், குற்றஞ்செய்து அகப்பட்டவனைப் பற்றியும் "அவன் முகம் சிவந்தது" என்று எழுதிவிடுகின்றனர். தமிழன் இதனைப் படித்தால் அவன் சினந்தான் என்றே கொள்வான். கறுப்பு, சிவப்பு என்னும் இரண்டு சொற்களும் சினத்தைக் குறித்து வரும் என்று தொல்காப்பியர் உரியியலிலேயே கூறிவிட்டார். திருடியவன் முகம் சிவந்தான் என்றால், திருடியதோடு நில்லாமல் சினந்தும் நின்றான் என்றாகிறது! சொல்லைக் கடன் வாங்குவோர் இப்படித் தோலையும் கடன் வாங்க வேண்டியதாகிறது. தமிழன் முகம் நாணத்தால் சுண்டும்; சிறுக்கும்; வாடும்; வெளிறும்; தாழும். மானக்கேட்டால் கறுக்கும். இவை தமிழன் முகத்தைப் பார்த்துத் தமிழன் செய்த சொற்கள்.

தமிழ்ப் பெட்டி

இனித் தமிழ்ப் பெட்டியைத் திறப்போர் திகைத்து நிற்பர். உள்ளத்து உணர்வு உடலில் தோன்றுவதற்கு மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதற்கெனத் தனி இயலே வகுத்தவர் தொல்காப்பியர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. எட்டனுள் ஒவ்வொன்றும் பிறக்கும் களன்கள் நந்நான்கு. இளிவரல், அஃதாவது தாழ்வுற்ற நெஞ்சின் தோற்றம், மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கின் வழி வரும் என்றார். இவற்றின் வேறாக மேலும் முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளை எண்ணினார். அவற்றுள் நாணுதலும் உண்டு, வெரூஉதலும் உண்டு, வியர்த்தலும் உண்டு, நடுக்கும் உண்டு. இவற்றையெல்லாம் உடையவன் பேரனுக்குத்தான் இன்று 'எம்பாரசிங்கா' இருக்கிறது.

வள்ளுவர் நாணுடைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார், 102ஆம் அதிகாரம். தகாத செயலுக்கு நாணுவதே நாண் என்றும், மகளிர் நாணம் அதனின் வேறு என்றும் முதற்குறளிலேயே பிரித்துக் காட்டினார். ஆங்கிலத்தில் குற்றத்திற்கு நாணுவதையும் இயல்பான கூச்சத்தையும் பிரித்துக் காட்டச் சொல் உண்டு என்று பெருமைப்படுவோர், தமிழில் அப் பிரிப்பு நடந்து எத்துணை நூற்றாண்டுகள் ஆயின என்று எண்ணுக. தம் பழிக்கேயன்றிப் பிறர் பழிக்கும் நாணுவோரை நாணுக்கு உறைவிடம் என்றும் அவர் போற்றினார். பிறன் உளறலைக் கேட்டுத் தன் உடல் கூசுவதைக் 'கிரிஞ்சு' என்னும் இளைஞன், அதற்குத் தமிழில் சொல் இல்லை என்று எப்படிக் கூறுவான்? கிரிஞ்சு என்பதன் பழம்பொருளோ போரில் மடங்கி வீழ்தல். 'கூசுகிறது' என்னும் ஒரு தமிழ்ச்சொல் அவ் வேலையை நெடுங்காலமாகச் செய்துவருகிறது.

நாண் என்னும் சொல்லுக்குக் கயிறு என்னும் பொருளும் உண்டு. அகத்தில் நாண் இல்லாதவர் நடமாட்டம், கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதை ஒக்கும் என்று வள்ளுவர் அவ்விரு பொருளையும் ஒரே குறளில் கோத்தார். ஆங்கிலேயன் நாணத்தால் கட்டுண்டவன் என்னும் தன் சொல்லைத் தொலைத்து முகமாக்கிக்கொண்டான். தமிழனுக்கோ அகத்து நாண் அறுந்தால் புறத்து நாணால் ஆட்டுவிக்கப்படும் பாவையாவான் என்னும் எச்சரிக்கை அச்சொல்லிலேயே அழியாமல் நிற்கிறது. முகமோ, அடுத்ததைக் காட்டும் பளிங்கு என்று குறிப்பறிதலில் அவரே கூறினார்.

இவை நூல்வழக்கு; ஊர்வழக்கோ இதனினும் வளமானது.

குற்றஞ்செய்தவன் இன்னும் அகப்படவில்லை. ஆனால் உள்ளே ஏதோ ஊர்கிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்பர். அவன் பார்வை கள்ளப்பார்வை. அவன் விழி திருட்டு விழி. கேளாமலே எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பான். பூசணிக்காய் திருடியவன் தோளில் வெண்பொடி ஒட்டியிருக்கிறது என்று யாரோ சொல்ல, கூட்டத்தில் ஒருவன் மட்டும் தோளைத் தடவிப் பார்த்தானாம். டார்வின் வரையறுக்க இயலாத முகத்தைத் தமிழ்நாட்டுப் பாட்டி ஒரு பூசணிக்காயால் வரையறுத்துவிட்டாள்.

அகப்பட்ட நொடியில் அவன் திருதிருவென விழிக்கிறான், பேந்தப் பேந்த விழிக்கிறான், முகத்தில் ஈயாடவில்லை. ஆடு திருடிய கள்ளன்போல் விழிக்கிறான் என்பது வழக்கு. ஆங்கிலேயனுக்கு நாணிய முகம் ஆட்டு முகம்; தமிழனுக்கோ ஆட்டைத் திருடியவன் முகம். ஆடு என்ன குற்றம் செய்தது? குற்றத்தை ஆட்டின்மேல் ஏற்றாமல் திருடியவன்மேலேயே நிறுத்திய மொழி தமிழ்! வெளியே சொல்லவும் முடியாமல் உள்ளே பொறுக்கவும் முடியாமல் தவிப்பவன், தேள்கொட்டிய திருடன்.

சிறுதவற்றை நகையால் மூட முயல்பவன் அசடு வழிகிறான், பல்லை இளிக்கிறான், தலையைச் சொறிகிறான், நாக்கைக் கடித்துக்கொள்கிறான். சீப்பிசு என்னும் முகம் இதுதான். குற்றத்தை உணர்ந்தவன் தலைகுனிகிறான், கூனிக் குறுகுகிறான், குன்றிப்போகிறான். பிறரால் இழிவுபட்டவன் முகஞ்சுண்டுகிறான், மூக்குடைபடுகிறான், முகத்தை எங்கே கொண்டுவைப்பது என்று தவிக்கிறான், வாலைச் சுருட்டிக்கொண்டு வெளியேறுகிறான். குற்றமே இன்றிக் கூச்சப்படுபவன் வெள்குகிறான். வெள்கு என்னும் அவ் வினையினின்று வந்ததே வெட்கு, வெட்கம். நிகழ்ந்ததை நினைந்து நினைந்து உருகுவது கழிவிரக்கம். அப்போது நெஞ்சு சுடுகிறது, அரிக்கிறது, குத்துகிறது. ஒரே சொல்தான் இருக்கிறது என்றவர்க்கு எண்ணிக்கொள்ள விரல்கள் போதுமா?

எழுவாய் இல்லாக் குற்றம்

"உணர்வுதானே வேண்டும்? எந்தச் சொல்லால் சொன்னால் என்ன?" என்பார் இறுதியாக. இங்கேதான் இச் செய்தி சொல்லாய்வு என்னும் எல்லையைக் கடந்து அறத்தின் எல்லைக்குள் நுழைகிறது.

கடன்சொல் தமிழ் மண்ணில் முளைப்பதில்லை. நாணு என்னும் முதனிலையினின்று நாணுகிறேன், நாணினான், நாணாதான், நாணிலி என்று கிளைகள் எழுகின்றன. கில்ட்டி என்பதினின்று ஒரு வினைமுற்றேனும் எழுமா? அது வெட்டிய கட்டைபோல் நிற்கும். 'பண்ணு' என்றோ 'இரு' என்றோ ஊன்றுகோல் கொடுத்தால்தான் நகரும். "கில்ட்டியா இருக்கு" என்னும் தொடரில் குற்றஞ்செய்தவன் எங்கே? எழுவாய் இல்லை, தன்மை வினைமுற்று இல்லை. மழையாக இருக்கிறது என்பதுபோல், குற்றமும் எங்கிருந்தோ வந்து கவிந்த வானிலை ஆகிவிடுகிறது. "வெட்கமாக இருக்கிறது என்பதும் அப்படித்தானே?" என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அப்படிச் சொல்பவனுக்கு "வெட்குகிறேன்", "நாணுகிறேன்", "தவறு செய்தேன்" என்னும் படிகள் பக்கத்திலேயே உள்ளன, ஒருநாள் ஏறலாம். கடன்சொற்காரனுக்கு ஏறுதற்குப் படியே இல்லை.

கில்ட்டு முதலில் குற்றத்தையே குறித்து, பின்னர் உணர்வைக் குறித்தது என்பதை இப்போது நினைவிற் கொள்க. தமிழன் அதில் உணர்வை மட்டும் எடுத்துக்கொண்டு குற்றத்தைக் கப்பலிலேயே விட்டுவிட்டான். தேர்வில் பார்த்தெழுதிய மாணவன் "பார்த்தெழுதினேன்" என்று கூறவில்லை. தன் உள்ளம் எப்படி இருக்கிறது என்றே கூறினான். ஆசிரியர் கேட்டது அதுவா?

'சாரி' என்னும் சொல்லும் அப்படியே. பழைய ஆங்கிலத்தில் அது புண்ணையும் நோவையும் குறித்த சொல்லோடு உறவுடையது. நோகிறேன் என்று பொருள்பட்டது. தமிழ்நாட்டுத் தெருவில் அதற்கு நோவுமில்லை, புண்ணுமில்லை. காலை மிதித்தாலும் சாரி; வாங்கிய கடனைத் திருப்பாவிட்டாலும் சாரி; பெற்ற தாயைப் பட்டினி போட்டாலும் சாரி. ஒரே செல்லாக்காசை எல்லாக் கடைகளிலும் நீட்டுகிறான். "பொறுத்துக்கொள்ளுங்கள், ஐயா, தவறு என்மேல்தான்" என்று சொல்லிப் பார்க்கட்டும். நாக்கு எழாது. ஏன் எழவில்லை? அச்சொல்லுக்கு எடை இருக்கிறது. அதைத் தூக்க நெஞ்சில் வலிவு வேண்டும். எடையில்லாத சொல்லைத் தேடித்தான் அவன் ஆங்கிலத்திற்கு ஓடுகிறான். அது மொழிப்பற்றாக்குறையால் அன்று. நாணத்தினின்று தப்பி ஓடும் குறுக்குவழி அது.

கையூட்டு வாங்கி அகப்பட்டவன் முகத்தில் துணியைப் போட்டுக்கொண்டு ஊர்தியில் ஏறிய காலம் உண்டு. அத் துணியாவது அவன் நாணத்திற்குச் சான்றாக இருந்தது. இன்று கையசைத்துச் சிரித்துக்கொண்டு ஏறுவோரைக் காண்கிறோம். வெண்ணிப் போரில் மார்பில் பாய்ந்த வேல் முதுகில் ஊடுருவியதற்கே, அது புறப்புண் போலாயிற்றே என்று நாணி வடக்கிருந்தான் சேரமான் பெருஞ்சேரலாதன். ஆராயாது தீர்ப்பளித்ததை உணர்ந்த நொடியில் அரியணையிலேயே உயிர்விட்டான் சிலப்பதிகாரத்துப் பாண்டியன். அவர்கள்போல் உயிர்விடுக என்று எவரும் இன்று கேட்கவில்லை. தலை குனிக என்றுதான் கேட்கிறது தமிழகம். நாணைக் குறிக்கும் சொல் நாவிலிருந்து போனால், நாண் நெஞ்சில் எத்துணைக் காலம் தங்கும்?

தன்பக்கத்துக் குறை

அயலாரை மட்டும் கடிவது நேர்மையன்று. தூய தமிழ் வழங்குவோரிடத்தும் குறை உண்டு. ஆங்கிலம் வருமுன்னரே இலச்சை என்றும் சங்கோசம் என்றும் அவமானம் என்றும் பச்சாத்தாபம் என்றும் வடசொற்கள் இவ்விடத்தை நிரப்பின. அவற்றை விலக்கியது நன்று. ஆனால் விலக்கிய இடத்தில் வைக்கப்பட்டவை எவை? 'குற்றவுணர்வு' போன்ற மொழிபெயர்ப்புச் சொற்களே பெரும்பாலும். அவை பிழையல்ல, கட்டுரைக்கு ஆகும். ஆயினும் தாய் மகனிடம் "உனக்குக் குற்றவுணர்வு இல்லையா?" என்று கேட்பாளா? "உன் நெஞ்சு உன்னைச் சுடவில்லையா?" என்றுதான் கேட்பாள். தூய தமிழ் அகரமுதலியில் மட்டும் இல்லை. களத்துமேட்டிலும் கிணற்றடியிலும் இருக்கிறது. சீப்பிசு என்பதற்கு 'ஆட்டுத்தன்மைய' என்று சொல் செய்துவிட்டு, 'அசடு வழிந்தான்' என்று பேசும் உழவனைக் கொச்சை என்று ஒதுக்குபவன், ஆங்கிலம் கலப்பவனினும் தமிழுக்குக் குறைந்த தீங்கு செய்பவன் அல்லன்.

ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு நாழிகை இதற்கு ஒதுக்கட்டும். அகப்பட்ட கள்வன், தோற்ற மறவன், பொய் சொன்ன சிறுவன், இழிவுபட்ட ஏழை என நான்கு முகங்களைக் கூறி, ஒவ்வொன்றையும் வீட்டில் பாட்டி எப்படிச் சொல்வாள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லட்டும். நூற்றுக்கணக்கான சொற்கள் வந்து குவியும். மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத் தொடரைப் பார்த்து எழுதுவதை விட்டு, அம்முகத்தைக் கண்முன் நிறுத்தி எழுதட்டும். பெற்றோர் பிள்ளையிடம் 'சாரி சொல்லு' என்று கற்பிப்பதை விட்டு, 'தவறு செய்தேன் என்று சொல்' என்று கற்பிக்கட்டும்.

தேர்வுக் கூடத்தில் தலைகுனிந்து நிற்கும் அம் மாணவனிடம் ஆசிரியர் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: "தம்பி, உன் முகம் சொல்வதை உன் வாயால் சொல்." அவன் தடுமாறுவான், மென்று விழுங்குவான், சற்று நேரம் கழித்து, "தப்புப் பண்ணிட்டேன், ஐயா" என்பான். அன்று அவன் கற்றது ஒரு தமிழ்த்தொடர் மட்டுமன்று. நாணத்தக்கதற்கு நாணவும் கற்றான்.

நாணுதற்கும் கடன்சொல் தேடும் இனம், நாணுதலையே மறந்துவிடும். மறவாதிருக்கத் தமிழில் நாணுக. தமிழில் நாணி, தமிழில் நிமிர்க!